அண்ணன் ஒரு ஊர், தம்பி ஒரு ஊர்

கணக்கெடுக்க வந்த பெண் சிமென்ட் தரையில் எடைக் கருவியை வைத்து, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்க்கிறார். கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அழுத்துகிறார். வீட்டுக்கார அம்மா செருப்பைக் கழற்றி, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தையும் சுருக்குப்பையையும் எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு ஏறி நிற்கிறார். 58 கிலோ. அடுத்தது உயரம் அளக்கும் பலகை. குதிகாலும் முதுகும் பின்னந்தலையும் பலகையில் பட வேண்டும். கொண்டை தடுத்தால் அவிழ்க்க வேண்டும். 152 சென்டிமீட்டர். இரண்டு எண்களும் கையடக்கக் கணினிக்குள் போகின்றன. எடை பார்த்ததும் நம் பெண்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியை அந்த அம்மாவும் கேட்கிறார்: “கூடவா இருக்கு, குறைச்சலாவா?”

2019 ஜூனில் தொடங்கி, நடுவில் கொரோனாவால் தடைபட்டு, 2021 ஏப்ரலில் முடிந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இப்படி வீடுவீடாகப் போய் அளந்தார்கள். 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். கர்ப்பிணிகளையும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களையும் எடைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வகுத்தல் போதும். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 58-ஐ 1.52 பெருக்கல் 1.52-ஆல் வகுத்தால் 25.1. இதுதான் உடல் நிறைக் குறியீடு, மருத்துவர்கள் பி.எம்.ஐ. என்று சொல்வது. 1830-களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் மக்கள்தொகையின் சராசரி உடலை அறியக் கண்டுபிடித்த விகிதம் இது. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்கப் பிறந்த அளவுகோலால் நாம் தனி ஆளையும் அளந்துகொண்டிருக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

18.5-க்குக் கீழே இருந்தால் மெலிவு. 25-ஐத் தொட்டால் மிகை எடை, 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். இந்திய ஆய்வின் மாநில அட்டவணைகள் பின்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே தருகின்றன. இந்த அத்தியாயத்தில் வரும் எண்களும் பெரும்பாலும் அந்தச் சேர்க்கைதான். 152 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு மெலிவின் கோடு ஏறத்தாழ 43 கிலோவில் இருக்கிறது, மிகை எடையின் கோடு 58-இல். நடுவே 15 கிலோ. ஒரு பெண் அந்தப் பதினைந்து கிலோ வரப்பின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அவர் பிறந்த மாநிலத்தோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் எனக்குத் திகைப்பு வந்தது.

15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள் இந்தியா முழுவதும் 24 சதவீதம். மேகாலயாவில் 11.5. ஜார்கண்டில் 11.9. சத்தீஸ்கரில் 14.1, பீகாரில் 15.9. அங்கிருந்து பார்வையைத் தெற்கே திருப்பினால் கேரளத்தில் 38.1, தமிழ்நாட்டில் 40.4. வடமேற்கே பஞ்சாபில் 40.8, டெல்லியில் 41.3. உச்சத்தில் புதுச்சேரி, 46.2. மேகாலயாவில் ஒன்பது பெண்களில் ஒருவர் கோட்டைத் தாண்டியிருக்க, புதுச்சேரியில் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர் தாண்டியிருக்கிறார். ஒரே நாடு, ஒரே ஆய்வு, ஒரே வகை எடைக் கருவி.

சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. 1,13,043 பேரைப் பார்த்த அந்த ஆய்விலும் முதலும் கடைசியும் ஏறக்குறைய இதே இடங்கள்தான்: குறியீடு 25-ஐத் தொட்டவர்கள் புதுச்சேரியில் 53.3 சதவீதம், ஜார்கண்டில் 11.6. தொப்பையை அளந்தபோதும் அப்படியே: புதுச்சேரியில் 61.2, ஜார்கண்டில் 18.4. இன்டியாப் 20 வயதில் தொடங்குகிறது, மேல் வரம்பு கிடையாது. 50-ஐத் தாண்டியவர்களும் அதில் உண்டு. சில இடங்களில் எண் கூடுதலாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வயது விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். பதினெட்டு வயதுப் பெண்ணைவிட நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எடை கூடியிருக்க வாய்ப்பு பல மடங்கு அதிகம். பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்று குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. பிள்ளைகள் குறைந்த மாநிலத்தில் நடுத்தர வயதுக்காரர்களின் பங்கு கூடும். சராசரியும் தானே ஏறும். ஆகவே பீகாருக்கும் நமக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி வயதின் வேலை. ஆனால் 16-ஐயும் 40-ஐயும் பிரிக்கிற அளவுக்கு வயது வித்தியாசம் கிடையாது.

இனி காலத்தைப் பார்க்கலாம். 2005–06-இல் நடந்த மூன்றாவது ஆய்வில் பஞ்சாபிப் பெண்களில் 29.9 சதவீதமும் கேரளப் பெண்களில் 28.1 சதவீதமும் மிகை எடையோடு இருந்தார்கள். தமிழ்நாடு 20.9 சதவீதத்தில் அவர்களுக்கு வெகு தூரம் பின்னால் இருந்தது. 2015–16-இல் நாம் 30.9-ஐ எட்டினோம். அடுத்த ஆய்வில் 40.4. பஞ்சாப் பதினொரு புள்ளி ஏறிய காலத்தில் நாம் பத்தொன்பதரைப் புள்ளி ஏறி அதன் தோளுக்குத் தோள் வந்து நிற்கிறோம். ஆண்கள் கதை இன்னும் வேகமானது. தமிழ்நாட்டு ஆண்களில் 14.5 சதவீதமாக இருந்தது 37 ஆனது. பதினான்கு பதினைந்து ஆண்டுகளில் இரண்டரை மடங்கு.

இந்த வேகத்தை வைத்துக்கொண்டே சில பழைய விளக்கங்களை ஒதுக்கிவிடலாம். “அது பரம்பரை உடம்பு” என்பது ஒன்று. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிற இருவரில் யார் பருப்பார் என்பதில் மரபணுவுக்குப் பெரிய கை இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் மரபணு மாறாது. “தெற்கத்திக்காரர் சோறு தின்பவர், அதனால்தான்” என்பது இன்னொன்று. சத்தீஸ்கரை நாட்டின் நெற்களஞ்சியம் என்பார்கள். மேகாலயாவிலும் ஜார்கண்டிலும் சோறுதான். பட்டியலின் கீழ்க்கோடியில் இருப்பவர்களில் பலர் சோற்றுக்காரர்கள். உச்சியில் இருக்கும் பஞ்சாபியின் தட்டில் கோதுமை ரொட்டி. சோறா ரொட்டியா என்று பார்த்தால் இந்த வரைபடம் புரியாது. மூன்றாவது விளக்கம் என்னை வருத்துவது: “வாயைக் கட்டத் தெரியவில்லை.” ஜார்கண்ட் பெண்ணுக்கு நாவடக்கம் அதிகம், தமிழ்ப் பெண்ணுக்குக் குறைவு என்று நெஞ்சில் கைவைத்து யாரால் சொல்ல முடியும்? 2005-இல் இருந்த நாவடக்கம் 2020-இல் எங்கே போயிருக்கும்?

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்து, ஒருவரை ஓர் ஊரிலும் மற்றவரை இன்னோர் ஊரிலும் வளரவிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அப்படி ஒரு சோதனையை யாரும் நடத்த முடியாது. ஆனால் பிழைப்பு அதை நடத்திக்கொண்டே இருக்கிறது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களில் கிராமத்திலிருந்து வந்தவர்களை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். “உங்கள் கூடப் பிறந்தவர் யாராவது இன்னும் ஊரிலேயே இருக்கிறாரா? உங்கள் வயதுக்கு நெருக்கமானவராக?” என்று கேட்டு, அவர்களையும் அழைத்து அளந்தார்கள். தொழிலாளர்களின் மனைவிமார்களுக்கும் இதே ஏற்பாடு. அண்ணன் தொழிற்சாலையில், தம்பி வயலில். அக்கா நகரத்துக் குடியிருப்பில், தங்கை பிறந்த ஊரில்.

2010-இல் வெளியான முடிவு இது. குறியீடு 25-ஐத் தாண்டிய ஆண்கள், நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் 41.9 சதவீதம். கிராமத்திலிருந்து நகரம் வந்தவர்களில் 37.8. ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்புகளில் 19. நகரம் வந்த அண்ணனின் உடம்பு, தன் தம்பியின் உடம்பை விட்டு விலகி, பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நகரத்துக்காரரின் உடம்பைப் போல ஆகிவிட்டது. நீரிழிவும் அப்படியே: ஊரில் 6.2 சதவீதம், வந்தவர்களில் 14.3, நகரத்துக்காரர்களில் 13.5.

இதே மக்களின் தரவை வைத்து, ஒருவர் நகரத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். நகரத்துக்குள் காலெடுத்து வைத்த தொடக்க ஆண்டுகளிலேயே உடற்கொழுப்பு மளமளவென்று ஏறிவிடுகிறது. ரத்த அழுத்தமும் இன்சுலினும் மற்றவையும் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு முன்னே போகிறவர் கொழுப்பு. நோய் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு வருகிறது. இந்த இடைவெளியை மறந்துவிடாதீர்கள், பீகாருக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, ஊர் என்ன செய்கிறது? முதலில் உழைப்பை வாங்கிக்கொள்கிறது. என் பாட்டி வீட்டில் ஆட்டுக்கல் பின்கட்டில் இருந்தது. நாலு பேர் இட்லிக்கு மாவாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கை குழவியைச் சுற்றும்; இன்னொரு கை ஓரத்து மாவைத் தள்ளிவிடும்; அவ்வப்போது கை மாற்ற வேண்டும். பாட்டியின் வலது உள்ளங்கையில் குழவி உரசிய இடம் கடைசிவரை காய்த்தே இருந்தது. அந்தக் கல்லின் இடத்துக்குக் கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது. 2011 முதல் தமிழ்நாடு அரசே வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தது. நாட்டில் வேறெங்கும் ஏழைப் பெண்ணின் தோள்பட்டைக்கு இவ்வளவு பெரிய ஓய்வு ஒரே வீச்சில் கிடைத்ததில்லை. ஆட்டுக்கல் திரும்பி வர வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு மணி நேரம் பாட்டியிடமிருந்து பறிக்கப்பட்ட நேரம். ஆனால் கல் போன இடத்தில் நடக்க ஒரு பாதையோ, விளையாட ஒரு திடலோ, அங்கே போய்வர ஒரு பெண்ணுக்கு அனுமதியோ வரவில்லை. 2022-இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலசைவு இல்லை என்று 2024-இல் வெளியான உலகளாவிய கணக்கு ஒன்று சொல்கிறது. பஞ்சாபில் மிகை எடைப் பெண்கள் 40.8 சதவீதம், ஆண்கள் 32.2 சதவீதம். அங்கே வயலுக்கு டிராக்டர் வந்தது, கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. பசுமைப் புரட்சி அரை நூற்றாண்டுக்கு முன்பே பால், நெய், கோதுமை எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறைத்தது. பெண் வெளியே போகிற வழி மட்டும் அந்த அளவுக்கு அகலவில்லை.

அடுத்தது எண்ணெய். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1994-இல் இந்தியா பாமாயில் இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்டது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மலிவாக வந்து இறங்கிய எண்ணெய் டீக்கடைப் பஜ்ஜி சட்டியிலும் பாக்கெட் முறுக்கிலும் போய்ச் சேர்ந்தது. 2007-இல் தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் சிறப்பு விநியோகத்தில் பருப்போடு பாமாயிலும் சேர்ந்தது. நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் முன்பைவிட மாதம் ஒரு லிட்டர் எண்ணெய் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் சுமார் 8,200 கலோரி. நாலு பேர், முப்பது நாள் என்று பிரித்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 68 கலோரி. அரைத் தோசைதான். யாருக்கும் தெரியாது. பசியும் அதைக் கண்டுபிடிக்காது.

அந்த அரைத் தோசை என்ன செய்யும்? அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் கூட்டாளிகளும் 2011-இல் தந்த தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. தினமும் 24 கலோரி கூடினால் உடம்பு கடைசியில் ஒரு கிலோ ஏறி நிற்கும். அதில் பாதி முதல் ஆண்டிலேயே வந்துவிடும், மீதி பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள். எடை கூடக்கூட உடம்பைச் சுமப்பதற்கே செலவும் கூடுவதால் ஏற்றம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதன்படி 68 கலோரிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. தனி ஆளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பழைய ரவிக்கை கொஞ்சம் பிடிக்கும், தையலைப் பிரித்துவிட்டுக்கொள்வார்.

ஒரு மாநிலத்துக்கு இது வேறு விஷயம். ஜெஃப்ரி ரோஸ் என்ற லண்டன் மருத்துவர் 1985-இல் ஒரு கட்டுரையில் காட்டிய உண்மை இங்கே உதவும். ஒருவர் ஏன் நோயாளியானார் என்ற கேள்வியும், ஓர் ஊர் முழுக்க ஏன் நோயாளிகள் கூடினார்கள் என்ற கேள்வியும் வேறுவேறு. ஊரின் சராசரி கொஞ்சம் நகர்ந்தால் கோட்டுக்கு அந்தப்புறம் விழுகிறவர்களின் எண்ணிக்கை பெருமளவு கூடிவிடும். 55, 56, 57 கிலோவில் நிற்கும் 152 சென்டிமீட்டர் பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள்? ஒவ்வொருவரும் மூன்று கிலோ ஏறினால் அத்தனை பேரும் 58 என்ற வரப்பைத் தாண்டிவிடுகிறார்கள். யாரும் அளவுக்கு மீறித் தின்னவில்லை. ஒரு லிட்டர் எண்ணெயும், நின்றுபோன ஓர் ஆட்டுக்கல்லும், வாசலில் நிற்கும் ஒரு ஸ்கூட்டரும் போதும்.

ரேஷன் கடையைக் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மெலிவுக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பெண்கள் ஜார்கண்டில் 26.2 சதவீதம், பீகாரில் 25.6. தமிழ்நாட்டில் 12.6. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் எல்லோருக்குமான ரேஷன் அரிசியும் சத்துணவும் இருக்கின்றன. பசியை விரட்டிய கை அது. அரிசியோடு வயிறு நிறைந்த பிறகு பருப்பும் முட்டையும் காயும் அதே அளவுக்கு மலிவாக வந்து சேரவில்லை என்பதுதான் குறை. இன்றைக்கும் இந்தியர் தட்டின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இன்டியாப் ஆய்வின் அண்மைக் கணக்கு. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை மாவு, சர்க்கரை.

கிராமம் தப்பித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. தேசிய அளவில் நகரத்துப் பெண்களில் 33.2 சதவீதம், கிராமத்துப் பெண்களில் 19.7 என்று இடைவெளி இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2019-இல் 200 நாடுகளின் 1985 முதல் 2017 வரையிலான தரவை, 11 கோடியே 20 லட்சம் பேரின் அளவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. உலகின் சராசரி உடல் நிறைக் குறியீட்டு ஏற்றத்தில் பாதிக்கு மேல் கிராமங்களில் நடந்த ஏற்றம் என்று அது காட்டியது. கேரளத்தில் கிராமம் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வளைகுடாப் பணம் அந்த வரப்பை எப்போதோ அழித்துவிட்டது. காவிரிப் படுகையிலும் கொங்கிலும் இப்போது அதுதான் நடக்கிறது.

பணத்துக்கும் இதில் பங்குண்டு, ஆனால் அது ஒரே திசையில் இழுப்பதில்லை. இந்தியாவில் ஏழ்மை மிகுந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களில் மிகை எடை 10 சதவீதம் அளவில், வசதி மிகுந்த ஐந்தில் ஒரு பங்கில் 39 சதவீதம் அளவில். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே 2023-இல் பருமன் உச்சத்தில் இருந்த மாநிலம் வறுமை மிகுந்த மேற்கு வர்ஜீனியா, 41.2 சதவீதம், வசதியும் மலைப்பாதைகளும் உள்ள கொலராடோவில் 24.9. அவர்கள் கோடு 25-இல் இல்லை, 30-இல் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989-இல் 144 ஆய்வுகளைத் தொகுத்த சோபலும் ஸ்டங்கார்டும் இந்தத் தலைகீழ் மாற்றத்தைத் தெளிவாகச் சொன்னார்கள்: வளரும் நாடுகளில் பணக்காரப் பெண் பருக்கிறார், வளர்ந்த நாடுகளில் ஏழைப் பெண். ஒரு சமூகம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும்போது நோய் மாடிவீட்டிலிருந்து இறங்கிக் குடிசைக்கு வருகிறது. பீகாரும் தமிழ்நாடும் அந்தப் பயணத்தின் வேறுவேறு இடங்களில் நிற்கின்றன.

அப்படியென்றால் ஜார்கண்ட் பெண் பிழைத்துக்கொண்டாரா? 11.9 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் புனேவுக்குப் போய் வர வேண்டும்.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு மருத்துவ விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் ஜான் யுட்கின், ஆங்கிலேயர். மற்றவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே: 22.3. எந்தக் கோட்டின்படியும் இருவரும் அளவான உடம்புக்காரர்கள். ஆனால் உடற்கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கண்ணுக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறக்கும் குழந்தைகளை எடை போடத் தொடங்கியவர் யாஜ்னிக். அந்தக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தையின் வயிறு சிறியது, தசை குறைவு, கை கால் மெலிவு. ஆனால் தோலுக்கடியில் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாய்க்குச் சாப்பாடு போதாத கருப்பையில் வளரும் குழந்தை தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறக்கிறது.

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தோலுக்கடியில், தொடையிலும் பின்புறத்திலும் உள்ள கொழுப்பணுக்கள் நல்ல களஞ்சியம். வந்ததை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அந்தக் களஞ்சியம் சிறியதாக அமைந்துவிட்டால் மிச்சம் வழிந்து வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கணையத்திலும் போய் உட்காரும். கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்துக்குள் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆசியர்களுக்கு 23-இலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது; இந்திய மருத்துவர்களும் 2009-இல் 23-ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25-ஐப் பருமனின் தொடக்கமாகவும் வைத்தார்கள். அந்தக் கோட்டின்படி நம் 152 சென்டிமீட்டர் அம்மாவுக்கு எச்சரிக்கை மணி 53 கிலோவிலேயே அடித்திருக்க வேண்டும். ஐந்தாவது குடும்பநல ஆய்வு முதல்முறையாக இடுப்பையும் புட்டத்தையும் டேப் வைத்து அளந்தது. எடையின்படி 24 சதவீதப் பெண்கள்தான் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். இடுப்பு–புட்ட விகிதத்தின்படி 56.7 சதவீதம் பேர்.

பீகாரைப் பற்றி எனக்குக் கவலை வருவது இதனால்தான். 2005–06-இல் அங்கே மிகை எடைப் பெண்கள் நூற்றுக்கு ஐந்தை ஒட்டி இருந்தார்கள். ஐந்தாவது ஆய்வில் 15.9. மூன்று மடங்கு. நாம் ஏறியது இரண்டு மடங்குதான். அங்கே இன்றைக்குப் பருமனாகிறவர், நேற்று மெலிந்த தாயின் வயிற்றில் வளர்ந்து, 2.5 கிலோ குழந்தையாகப் பிறந்து, சிறிய களஞ்சியத்தோடு வளர்ந்தவர். அந்த உடம்புக்குள் அரைத் தோசை கூடுதலாகப் போனால் நம்மைவிடச் சீக்கிரம் வழியும். பக்கத்து உத்தரப் பிரதேசத்தில், இன்டியாப் கணக்குப்படி, நீரிழிவு நாட்டிலேயே குறைவு, 4.8 சதவீதம். ஆனால் நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 18 சதவீதம். தேசிய சராசரியைவிட அதிகம். கொழுப்பு முன்னே போய்விட்டது, நோய் மூட்டையோடு வழியில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும்போது அந்த ஊர்களில் என்ன இருக்கும்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் நீண்ட வரலாறு இங்கே அதற்கு முதுகெலும்பாக இருந்தது. அப்படி ஒரு முதுகெலும்பு கட்டி முடிப்பதற்குள் பருமன் வந்துவிட்ட மாநிலங்கள் அவை.

ஆஷா என்று நாடு முழுவதும் அழைக்கப்படும் கிராம சுகாதாரப் பணியாளருக்கு ஜார்கண்டில் சஹியா என்று பெயர். தோழி என்று பொருள். வீடுவீடாகப் போகும் அவர் பையில் ஒரு படிவமும் ஒரு டேப்பும் இருக்க வேண்டும். வயது என்ன, புகையிலை உண்டா, குடி உண்டா, பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டும். பெண்ணின் இடுப்பு 80 சென்டிமீட்டர் வரை என்றால் பூஜ்யம், 81 முதல் 90 வரை ஒன்று, 90-க்கு மேல் இரண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் உடலசைவு உண்டா என்று ஒரு கேள்வி. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் சுமந்தே பழகிய பெண் அதற்கு ஆமாம் என்பார், அதுவும் உண்மை. குழாய் வாசலுக்கு வரட்டும், எரிவாயு அடுப்பு வரட்டும், வந்தே ஆக வேண்டும். அன்றைக்கு அந்தப் பதில் மாறும். சஹியா 80-க்கு நேராக விரலை வைத்து டேப்பைப் பார்த்து எழுதிக்கொள்வார். மொத்தம் நாலுக்கு மேல் போனால் முன்னுரிமை கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

படிவம் 30 வயதைத் தாண்டியவர்களுக்கானது. அதே வீட்டில் அடுப்படியில் நிற்கும் 20 வயது மருமகள், 42 கிலோ எடையோடு கர்ப்பமாக இருக்கிறவர், அந்தப் பட்டியலில் வரமாட்டார்.